வாடை மூட்டத்தில் சுவாமி மலை: ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரேயொரு படம். திருகோணமலை டச்பே கடற்கரையின் தென்பக்கத்தில் நின்று வடகிழக்கே பார்த்து எடுத்த சுவாமி மலை, கறுப்பு வெள்ளை, வாடைக்காலத்து மூட்டம். 36 அங்குல அகலத்தில் அச்சாகி இப்போது வெளிநாட்டில் ஒரு வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. எடுத்தவர் நகரத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி. கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ஓடித்திரிந்து படம் எடுப்பவர். நான் கமராவைத் தொடவில்லை. பக்கத்தில் நின்றேன், பேசினேன், அவர் எழுதிய குறிப்புகளைப் படித்தேன், அச்சு வரும்வரை கூட இருந்தேன். மூட்டமான நாட்களில் நிலக்காட்சி எடுக்கப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பொறுமைக்குள் என்னென்ன வேலை இருக்கிறது என்பதை இந்த ஒரு படம் நன்றாகக் காட்டுகிறது. அதனால்தான் விரிவாக எழுதி வைக்கிறேன்.

படம் கேட்டவர் ஊரை விட்டுப் போய்ப் பல காலமான ஒரு பெரியவர். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “வெயிலடிக்கிற கடல் எல்லாரிட்டயும் கிடக்கு தம்பி. எனக்கு மார்கழிக் கடல் வேணும். சுவாமி மலை தெரியவேணும். கலர் வேண்டாம்.” தம்பிக்கு இது வசதியாகவே பட்டது. மார்கழியில் நம்மவர் கல்யாணம் வைப்பதில்லை. ஸ்டூடியோவில் வேலை குறைவு. ஒரு காலை நேரம் போதும் என்று நினைத்து ஒப்புக்கொண்டார். தை பிறந்தபோதும் படம் கைக்கு வரவில்லை.

முதலில் இடத்தையும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மே தொடங்கி செப்டெம்பர் வரை இங்கே கச்சான். தென்மேற்கிலிருந்து வரும் காற்று மழையை மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வறண்டு சூடாக இந்தப் பக்கம் இறங்கும். வானம் நீலமாக இருக்கும், கடல் அடங்கிக் கிடக்கும், நிலாவெளியும் உப்புவெளியும் சுற்றுலாப் பயணிகளால் நிறையும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. அப்புறம் வாடை பெயரும். வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்குக் காற்று நேரே இந்தக் கரையில் ஏறும். ஊரின் ஆண்டு மழையில் பெரும் பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் விழுகிறது. சில நாள் விடாமல் பெய்யும். ஆனால் பெரும்பாலும் பாட்டம் பாட்டமாகத்தான் வரும். கடலில் ஒரு மழைத்திரை கிளம்பி, ஊரைக் கடந்து, கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது. இந்தப் பாட்டக் கணக்கைப் படிப்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். இறுதியில் படத்தைத் தந்தது அதுதான்.

டச்பேயில் நின்றால் சுவாமி மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு செங்குத்தாக எழுவது தெரியும். மேலே கோணேசர் கோவில். மலைக்கும் நகருக்கும் நடுவே கோட்டை. 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோவிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கட்டியது; 1803இல் பிரித்தானியர் அதற்கு பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். இன்றும் உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. முக்காலியோடு உள்ளே போய் மணிக்கணக்காக நிற்பது சரிவராது. துறைமுகப் பக்கத்தில் கடற்படை இருப்பதால் அங்கேயும் அப்படித்தான். பொதுக் கடற்கரை என்றால் யாருக்கும் சந்தேகம் வராது, எத்தனை நாளும் அதே இடத்துக்கு வரலாம். பல நாள் திரும்பத் திரும்ப நிற்கவேண்டிய வேலைக்கு இடம் தெரிவு செய்யும்போது அழகை மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் தடையும் இல்லாமல் நிற்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். டச்பேக்கு இன்னொரு நன்மை உண்டு. வாடைக்கடலின் முழு வேகமும் மலைக்கு வடக்கே உள்ள குடாவில்தான் நேராக மோதும். இந்தப் பக்கத்துக்கு மலையே ஓரளவு மறைப்பு. அலை இருக்கும், ஆனால் கமராவை உப்புத்தண்ணீரில் குளிப்பாட்டாது.

முதல் சில காலைகளில் எடுத்தவற்றைத் தம்பி கொண்டுவந்து காட்டினார். எல்லாமே சாம்பல். வானம் ஒரு சாம்பல், கடல் கிட்டத்தட்ட அதே சாம்பல், மலை கொஞ்சம் கறுத்த சாம்பல். படம் கூர்மையாக இருந்தது, கோணம் சரியாக இருந்தது. ஆனாலும் பார்ப்பவரின் கண் நிற்க ஓர் இடம் இல்லை. கணினியில் மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்திருந்தார். வானத்தில் அழுக்குத் திட்டுகள் வந்தன, மலையின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியது. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது கணினியில் போடக்கூடிய நிற பில்டர்களில் சிவப்பைப் போட்டும் பார்த்திருந்தார். நீல வானத்துக்கு முன்னால் வெள்ளை முகில் நிற்கும்போது சிவப்பு பில்டர் நீலத்தைக் கறுப்பாக்கி முகிலைத் துள்ள வைக்கும். மூட்ட வானத்தில் நீலமே இல்லை. சாம்பலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. பில்டர் எதைப் பிரிக்கும்? இதைப் புரிந்துகொண்ட அன்றே தம்பியின் தேடல் கணினியிலிருந்து கடற்கரைக்குத் திரும்பியது என்று சொல்வேன்.

கமராவின் ஒளிமானியும் இதற்கு உடந்தை. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி, சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பும் ஒரு பரப்புக்குரிய அளவையே சொல்லும். வெயில் காட்சியில் கறுப்பும் வெள்ளையும் ஏற்கெனவே விலகி நிற்பதால் அது பெரிதாகத் தெரியாது. மூட்டத்தில் எல்லாமே நடுவில் குவிந்திருக்கும். மானி அந்தக் குவியலைத் தூக்கி நடுவிலேயே வைத்துவிடும். அன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த மண்டல முறை இதற்குத்தான் பதில் சொல்கிறது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச் சாம்பல் 5. காட்சியில் எந்தப் பொருள் எந்த எண்ணில் விழ வேண்டும் என்பதைப் படம் எடுப்பவர் தீர்மானிக்க வேண்டும், மானி தீர்மானிக்கக் கூடாது. தம்பியிடம் நான் கேட்டது ஒரு கேள்விதான்: “மலை எத்தினையில நிக்கவேணும்?” அவர் யோசித்து, “ரெண்டு, ரெண்டரை” என்றார். “அதுக்குப் பின்னால இருக்கிற வானம்?” “ஏழு.” ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் ஒரு ஸ்டொப், அதாவது ஒளி இரு மடங்கு. அப்படியானால் மலைக்கும் வானத்துக்கும் நாலரை, ஐந்து ஸ்டொப் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு காலையும் கடற்கரையில் அவர் கண்டதோ இரண்டு ஸ்டொப்.

இங்கேதான் மூட்ட ஒளியைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூட்டத்தில் ஒளிக்குத் திசை இல்லை என்பார்கள். தம்பியும் அதையே சொன்னார். ஸ்டூடியோவில் விரிக்கும் பெரிய வெள்ளைக் குடையை ஊர் முழுக்க விரித்ததுபோல என்றார். நல்ல உவமைதான், ஆனால் குடை எந்தப் பக்கம் இருக்கிறது? தலைக்கு மேலே. 1942இல் மூன், ஸ்பென்சர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் முழு மூட்ட வானத்தின் பிரகாசத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். கட்டடங்களுக்குள் பகல் வெளிச்சத்தைக் கணக்கிடுபவர்களிடம் அது நிலைத்துவிட்டது. அதன்படி தலைக்கு நேர் மேலே உள்ள வானம் அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசமானது. ஒன்றரை ஸ்டொப்புக்கும் கொஞ்சம் மேல். இதில் இருந்து வருவது என்ன? கிடையாகக் கிடக்கும் மணலும் கடலும் அதிக ஒளி வாங்கும். நிமிர்ந்து நிற்கும் பாறைமுகம் அதில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுதான் வாங்கும். சாதாரண மூட்ட நாளில் மலைக்குப் பின்னால் தெரியும் அடிவானம்தான் முழு வானத்திலும் மங்கலான பகுதி. அதனால் மலையும் அதன் பின்னணியும் ஒன்றுக்கொன்று நெருங்கிவிடுகின்றன. படத்தின் மேல்விளிம்பு மட்டும் வெளுத்துக் கண்ணை வெளியே இழுக்கிறது. தம்பியின் முதல் படங்களில் நடந்தது துல்லியமாக இதுதான்.

ஆக, அவருக்கு வேண்டியது வழக்கத்துக்கு நேர்மாறான ஒரு வானம். மேலே கறுப்பு, அடியில் வெளிச்சம். அப்படி ஒரு வானம் வாடைக்காலத்தில் வருமா? வரும். ஆனால் எப்போது வரும் என்று நாங்கள் இருவரும் அப்போது யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த விடை பிறகு வேறோர் இடத்திலிருந்து வந்தது.

இடையில் ஒரு வாதம் நடந்தது. “அண்ணா, வானத்தை மாத்திப்போடலாம் தானே? இப்ப ஒரு நிமிஷ வேலை” என்றார் தம்பி. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. வானம் மாற்றுவது நேற்றைய கண்டுபிடிப்பில்லை. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லு கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்ட படங்கள் உண்டு. அன்று பிலிமுக்குப் பதிலாக இருந்த கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளிக்குத்தான் அதிகம் வசப்படும். கடலுக்கு ஒளி கொடுத்தால் வானம் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். அவருக்கு வேறு வழி இல்லை, செய்தார், அழகாகவும் செய்தார். நம் கையில் உள்ள கமராவுக்கு அந்தக் குறை இல்லை. அதோடு, மூட்ட நாளில் கடலின் நிறமே வானத்திலிருந்து வருவது. ஈரமணலில் விழுவதும் வானம்தான். “மாத்தலாம் தம்பி. கடலையும் மாத்துவீரா? மணலையும் மாத்துவீரா?” என்று கேட்டேன். எங்கோ ஒரு பாலைவனத்து முகிலை டச்பே மணலுக்கு மேல் வைத்தால், ஊர்க்காரரான அந்தப் பெரியவரின் கண் ஒரு நொடியில் ஏதோ பிழை என்று உணர்ந்துவிடும், என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும். தம்பி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவரிடம் ஒரு கொப்பி வாங்கி வைக்கச் சொன்னேன். போகும் ஒவ்வொரு தடவையும் காற்று எந்தப் பக்கம், முகில் என்ன மாதிரி, மழை விட்டு எவ்வளவு நேரம், அப்புறம் நான்கு ஸ்பொட் அளவுகள் (காட்சியின் ஒரு சிறு புள்ளியை மட்டும் ஒளிமானியால் அளப்பது): மலை, மலைக்குப் பின்னால் உள்ள வானம், படத்தின் மேல்விளிம்பு வானம், நடுக்கடல். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எழுத வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஒரு நிமிடத்தில் பத்துப் படம் எடுத்துப் பழகிய கைக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கொப்பியை இப்போது புரட்டினால் அவர் கண் எப்படி மாறியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தொடக்கத்தில் முகில் என்ற இடத்தில் “மூட்டம்” என்று ஒரு சொல் மட்டும். சில பக்கங்கள் கழித்து “தட்டை, ஒரே விரிப்பு”, “கீழே கிழிசல் முகில் ஓடுது, மேலே விரிப்பு”, “உருண்டை உருண்டையா வரிசை, நடுவில வெளிச்சக் கீறு” என்று பிரிகிறது. வானிலைக்காரர் இவற்றுக்கு வைத்த பெயர்களை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் சொந்தமாகப் பிரித்துக்கொண்டதுதான் அவருக்கு உதவியது.

அளவுகளிலும் ஒரு சீர் தெரியத் தொடங்கியது. காலையில் சூரியன் தென்கிழக்கில் முகிலுக்குப் பின்னால் நிற்கும். டிசம்பர் கடைசியில் ஆறேகால் மணியளவில் உதிக்கிறது. டச்பேயிலிருந்து வடகிழக்கே பார்க்கும்போது அந்த வெளிச்சம் படத்தின் வலது விளிம்பில் கசியும். முகில் மெல்லியதானால் அந்த ஓரம் மட்டும் ஒரு ஸ்டொப் கூடி நிற்கும். நடுப்பகலில் எல்லாம் மேலிருந்து, எதுவும் பிரியாது. அந்த நேரங்களில் போகத் தேவையில்லை என்று அவரே முடிவு செய்தார். மழை பெய்து ஓய்ந்த பிறகு மலையின் அளவு சட்டென்று இறங்கியிருந்தது. நனைந்த பாறை கறுக்கும். காய்ந்த நாளின் மலைக்கும் நனைந்த நாளின் மலைக்கும் ஒரு ஸ்டொப் வரை வித்தியாசம் கொப்பியில் இருக்கிறது. இரண்டரையில் வேண்டும் என்று அவர் கேட்ட மலை மழைக்குப் பிறகுதான் கிடைக்கும் என்பது இப்படி எழுத்தில் வந்தது.

மீதி பாதியைச் சொன்னவர் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதிய மீன்பிடிகாரர். வாடைக்காலத்தில் படகுகளை உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டு வலை வேலை பார்ப்பது வழக்கம். தம்பி அடிக்கடி வந்து சும்மா நிற்பதைப் பார்த்து, “என்ன தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறீர்?” என்று கேட்டிருக்கிறார். “வானம் வெளிக்கும் எண்டு பாக்கிறன் ஐயா.” “அது பாட்டம் ஊருக்க போனாப் பிறகுதான் பாக்கவேணும். கீழ்வானம் வெளுக்கும். அடுத்த பாட்டம் வரக்குள்ள மூடிப்போடும்.” தம்பி அன்று இரவே எனக்குப் போன் எடுத்து இதைச் சொன்னார். நாங்கள் கணக்குப் போட்டுத் தேடிக்கொண்டிருந்த தலைகீழ் வானத்தை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். மழைத்திரை கடலில் இருந்து வந்து, நம் தலைக்கு மேலால் கடந்து, தென்மேற்கே தரைக்குள் போகும்போது, அதன் பின்விளிம்பு வடகிழக்கு அடிவானத்தில் தூக்கும். அந்த நேரம் தலைக்கு மேலே இன்னும் கனத்த கருமுகில். அடிவானத்தில் மட்டும் ஒரு வெளிச்சப் பட்டை. அதற்கு முன்னால் நனைந்த மலை. வாடைக்காலத்தில் டச்பேயிலிருந்து வடகிழக்கே பார்க்கும் படத்துக்கு இந்தத் திசைப்பொருத்தம் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூட்ட நாளில் காத்திருப்பவர்களில் பலர் மூட்டம் விலகுவதற்காகக் காத்திருக்கிறார்கள். சூரியன் எட்டிப் பார்க்குமா, ஒரு கதிர் விழுமா என்று. அது மூட்டப் படத்துக்கான பொறுமை இல்லை, வெயில் படத்துக்கான பொறுமை. இங்கே எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முன்கூட்டியே தொனிகளுக்கு இடையிலான உறவாகச் சொல்லத் தெரிய வேண்டும்: மலை இவ்வளவு கறுப்பு, அதன் பின்னால் வானம் இவ்வளவு வெளுப்பு, மேல்வானம் அந்த வானத்தைவிடக் கறுப்பு. அது சொல்லத் தெரிந்த பிறகு நிற்கும் ஒவ்வொரு மணியும் வேலைநேரம். அது தெரியாமல் நிற்பது உடம்பைப் பழக்கலாம், கண்ணைப் பழக்காது.

இந்தக் கட்டத்துக்குப் பிறகு காத்திருப்பின் இயல்பே மாறியது. முன்பு தம்பி மழை வந்தால் வீட்டுக்குப் போவார். இப்போது மழை தொடங்கினால் கடற்கரைக்கு வந்தார். அதற்கான தயாரிப்புகள் சில. ஸ்டூடியோவின் ஏசி அறையிலிருந்து கமராவை எடுத்து நேராக வெளியே திறந்தால் லென்ஸில் பனிபோல ஈரம் படிந்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்து வெப்பம் சமனான பிறகுதான் திறக்க வேண்டும். கடற்காற்றில் முன்கண்ணாடியில் உப்புப் படலம் மெல்ல ஏறும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கறுப்பை வெளிறச் செய்துவிடும். மூட்டப் படத்தில் கறுப்புதான் உயிர். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் முதலில் ஒற்றிவிட்டுப் பிறகு உலர்துணியால் துடைக்க வேண்டும். உப்பின் மேல் உலர்துணியைத் தேய்த்தால் கீறல்தான் மிச்சம். முக்காலியின் கால்களை வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டும். ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் திறந்த மணலில் உலோக முக்காலியோடு நிற்கவே கூடாது. புயல் அறிவிப்பு வந்தால் கடற்கரைப் பக்கமே போகக் கூடாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியது இந்த மாவட்டத்துக் கரையில்தான். எந்தப் படத்துக்காகவும் அந்த மாதிரி நேரத்தில் வெளியே நிற்க வேண்டியதில்லை.

ஷட்டர் நேரம் பற்றியும் முன்பே பேசி முடித்தோம். லென்ஸுக்கு முன்னால் போட்டு ஒளியைக் குறைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க உதவும் ஒரு பத்து ஸ்டொப் கறுப்புக் கண்ணாடியைத் தம்பி வாங்கி வைத்திருந்தார். இணையத்தில் பார்க்கும் மூட்டக் கடற்படங்களில் பாதிக்கு மேல் அப்படித்தானே, கடல் பஞ்சுபோல, வானம் வழித்துவிட்டதுபோல. கணக்கு எளிது. கனத்த மூட்டத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 11இல் இருபத்தைந்தில் ஒரு விநாடி என்றால், பத்து ஸ்டொப் போட்டால் ஆயிரத்துச் சொச்சம் மடங்கு, ஏறக்குறைய 40 விநாடி. அந்த 40 விநாடியில் கடல் அழகாக மிருதுவாகும், உண்மை. ஆனால் மேலே ஓடும் முகிலின் வடிவமும் கரைந்துபோகும். நாங்கள் இவ்வளவு நாள் காத்திருப்பதே அந்த வடிவத்துக்காகத்தான். அதோடு பெரியவர் கேட்டது மார்கழிக் கடல். மார்கழிக் கடல் பஞ்சு இல்லை. அதற்கு முதுகு உண்டு, பல் உண்டு. நீண்ட எக்ஸ்போஷரை நான் வெறுப்பவன் அல்ல, ஆனால் மூட்டம் என்றாலே அதைப் போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது என்பது என் எண்ணம். தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் எட்டில் ஒரு விநாடியிலிருந்து இரண்டு விநாடி வரை மாற்றி மாற்றி அலையை எடுத்துப் பார்த்தார். கால் விநாடியில் அலை அலையாகவே இருந்தது, நுரை மட்டும் கொஞ்சம் இழுபட்டு ஓட்டத்தைக் காட்டியது. அதுவே தீர்மானம்.

பிலிமில் எடுப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. ஒரு விநாடிக்கு மேல் போனால் பிலிமின் ஒளியுணர்திறன் குறைந்து மந்தமாகும். இல்போர்டு நிறுவனத்தின் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு அந்த நிறுவனமே தரும் கணக்குப்படி மானி 10 விநாடி சொன்னால் சுமார் 20 விநாடி கொடுக்க வேண்டும். தட்டையான மூட்டக் காட்சிக்கு டெவலப் நேரத்தைக் கூட்டினால் வெளிச்சப் பகுதிகள் மட்டும் மேலேறி மாறுபாடு கிடைக்கும். தம்பி டிஜிட்டலில் எடுப்பவர் என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

படம் கிடைத்தது பொங்கல் கழிந்த ஒரு பிற்பகல். மதியத்துக்குப் பிறகு ஒரு பெரிய பாட்டம் ஊருக்கு மேலால் போனது. தம்பி படகுகளுக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஒரு தகரக் கொட்டிலின் கீழ் முக்காலியில் கமராவைப் பொருத்தி, படச் சட்டத்தையும் சரிபார்த்துத் தயாராக வைத்துவிட்டு நின்றார், நானும் நின்றேன். நாலரை மணியளவில் சாரல் மெலிந்தது. மலை முதலில் தெரியவே இல்லை, மழைக்குள் ஒரு நிழல் மட்டும். பிறகு அடிவானம் மலைக்கு இடது பக்கத்தில் ஒரு கோடாக வெளுத்தது. கோடு மெல்ல அகன்று மலைக்குப் பின்னால் ஊர்ந்தது. சூரியன் நம் முதுகுப் பக்கம், அதே கருமுகிலுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்ததால், அந்த நேரத்தில் கடலுக்கு வெளிச்சம் முழுக்க எதிரிலிருந்து, தாழ்வாக வந்தது. இதை நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியும் வெளுத்து நம் பக்க முகம் கறுத்தது. இத்தனை நாள் தட்டையாகக் கிடந்த கடலுக்கு வரிகள் வந்தன.

தம்பி படம் எடுக்கத் தொடங்கவில்லை. முதலில் அளந்தார். வெளிச்சப் பட்டைக்கும் மலைக்கும் இடையில் நாலரைக்கும் மேல். பட்டைக்கும் மேல்வானத்துக்கும் ஒன்றரை, மேல்வானம் கறுப்பு. கொப்பியில் இதற்கு முன் எங்கும் இல்லாத அளவு. வெளிச்சப் பட்டையை ஏழில் வைத்தார். மலை தானாக இரண்டரைக்குப் பக்கத்தில் விழுந்தது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, கால் விநாடி, பில்டர் எதுவும் இல்லை. அப்புறம்தான் ஷட்டர் கேபிளின் பொத்தானை அழுத்தினார். அலை ஏறி உடையும் தாளத்தைப் பார்த்து, உடைந்து பின்வாங்கும்போது மட்டும். நடுவில் ஒரு புள்ளிமான் மணலில் நடந்து வந்து சட்டத்துக்குள் நின்றது. கோட்டைப் பக்கத்து மான்கள் நகரத்துக்குள் திரிவது இங்கே தினசரிக் காட்சிதான். அழகாகவே இருந்தது. மான் உள்ள சட்டங்களையும் எடுத்தார், ஆனால் தெரிவில் விட்டுவிட்டார். மான் வந்தால் படம் மானின் படமாகிவிடும் என்று அவரே சொன்னார், நான் வாய் திறக்க முன்பே. கொஞ்ச நேரத்தில் பட்டை அகன்று வானம் முழுக்க ஒரே வெளுப்பானது. எங்கள் கண் முன்னாலேயே அளவுகள் பழையபடி நெருங்கின. கமராவைப் பையில் போட்டுவிட்டு பிளேன்ரீ குடிக்கப் போனோம்.

கணினி வேலை குறைவாகவே இருந்தது. கமரா பதிந்ததைக் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் எடுத்திருந்தார். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். மூட்ட வானத்தின் மெல்லிய ஏற்றத்தைக் கொஞ்சம் இழுத்தாலே பட்டை பட்டையாக உடையும். கறுப்பு வெள்ளையாக்கும்போது நிறங்களில் தொட்டது பச்சையை மட்டும். மலையில் ஒட்டியிருக்கும் செடிகொடிகள் பாறையோடு ஒன்றாகிக் கிடந்தன. பச்சையைக் கொஞ்சம் உயர்த்தியதும் பாறைமுகம் தனியே நின்றது. கோவிலின் வண்ணங்கள் சாம்பலுக்குள் அடங்கியதில் எனக்குத் தனிப்பட்ட திருப்தி. பெரியவர் நினைவில் வைத்திருக்கும் மலைக்கு அது நெருக்கமாக இருக்கும் என்று தோன்றியது. மேல்விளிம்பை இன்னும் அரை ஸ்டொப் இறக்கினார். விளிம்புக் கூர்மையைக் கூட்டும் பொத்தான் எதையும் தொடவில்லை.

எந்தச் சட்டம் என்பதில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. பட்டை நன்றாக விரிந்து மலை முழுக்கத் துலங்கும் ஒன்றை நான் சொன்னேன். தம்பி அதற்கு முந்திய ஒன்றை எடுத்தார். அதில் மலையின் வலது பாதி இன்னும் மழைக்குள் இருக்கிறது. பெரியவருக்கு இரண்டையும் அனுப்பினார். அவர் தம்பி எடுத்ததையே கேட்டார்.

அச்சு கொழும்பில் போட்டது. 6000 பிக்சல் அகலமான கோப்பை 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 167 பிக்சல் வரும். கையில் வைத்துப் பார்க்கும் அல்பத்துக்கு இது போதாது; நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்குப் போதும். மங்கல் தாளில் ஒரு சின்னச் சோதனை அச்சும் மினுக்கமான பூச்சுள்ள பரைட்டா வகைத் தாளில் ஒன்றும் எடுத்துப் பார்த்தோம். மங்கல் தாளில் மலை கறுஞ்சாம்பலோடு நின்றுவிட்டது. பரைட்டாவில் கறுப்பு ஆழமாக இறங்கியது, ஈரப்பாறையின் மினுக்கமும் வந்தது. விலை கூட. ஆனாலும் அந்தக் கறுப்புக்காகத்தானே இவ்வளவும்.

இந்த நிகழ்விலிருந்து எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியை எடுக்க முடியாது. தலைகீழ் வானம் கிடைத்தது வாடையின் திசையும் டச்பேயின் பார்வைத் திசையும் ஒன்றாக அமைந்ததால். கொட்டியாரக் குடாவில் மூதூர்ப் பக்கமிருந்து துறைமுக வாயைப் பார்ப்பவருக்கு இதே பாட்டம் வேறு பக்கத்தில் வேறு நேரத்தில் வெளுக்கும். தம்பி இப்போது சாம்பல்தீவுக் களப்பில் நிற்கிறார். அங்கே நிமிர்ந்து நிற்கும் மலை இல்லை. தண்ணீரும் வானமும் ஓரத்தில் பனைகளும்தான். மழைக்குப் பின்னான வெளிச்சப் பட்டை அங்கே பெரிதாக உதவவில்லை. தண்ணீர் அசையாமல் இருந்தால் வானம் அதில் இரண்டாவது தடவை விழுகிறது, காற்றடித்தால் எல்லாம் மங்கிப்போகிறது. அதனால் கொப்பியில் புதிதாக ஒரு நிரல் போட்டு, விடியலில் காற்று எத்தனை மணிக்கு விழுகிறது, எத்தனை மணிக்குத் திரும்ப எழும்புகிறது என்று எழுதி வருகிறார். பத்து ஸ்டொப் கண்ணாடியைப் பற்றி மறுபடி கேட்டார். களப்புக்கு அது வேண்டியிருக்கலாம், கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.